புகைக்கு வந்த பூ

அந்த மூலிகைக் கிடங்கில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். காரணம் இரண்டு. கண்ணைக் கட்டிவிட்டு எந்த வேரைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவாள். மற்றொன்று, கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். "அக்கா தும்மப் போறா, ஓடுங்கப்பா" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவள் கணவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்க வந்தவள். பெருக்கும்போது சிதறிக் கிடப்பதை எந்த மூட்டையில் போடுவது என்று கேட்பாள். எவரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். வாங்க வருகிறவர்களைக் கேட்கத் தொடங்கினாள். துறைமுகத்தை ஒட்டிய ஊர். பத்துத் தேசத்துக்காரர்கள் வருவார்கள், பத்துப் பேருக்கும் பத்து வைத்தியம். ஒரு கூட்டத்தார் வசம்பைச் சுட்டுக் குழந்தையின் நாக்கில் தடவினால், இன்னொரு கூட்டத்தார் அதையே தானியத்தில் போட்டு வண்டு விரட்டுவார்கள். ஒருவர் காய்ச்சிக் குடிக்கிற வேரை அடுத்தவர் அரைத்து முட்டியில் பற்றுப் போடுவார். ஆமணக்கு எண்ணெய் வயிற்றுக்கு, கொட்டை எமனுக்கு.

"இது உங்க ஊர்ல எங்க போகும்?" இதுதான் அவள் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. கேட்டதைச் சுண்ணாம்புக் கட்டியால் மூட்டையின் மேல் எழுதிவைப்பாள். மூன்றே சொல்தான்: வாய், தோல், புகை. பெயர் ஊருக்கு ஊர் மாறும். உடம்புக்கு எந்த வழியாகப் போகிறது என்பது மாறாது என்பது அவள் கணக்கு. கொஞ்ச வருஷத்தில் அவள் எழுதாத மூட்டையை எவரும் பிரிப்பதில்லை என்று ஆனது.

பிறகு மாப்பிள்ளை வந்தார். முதலாளியின் மகளைக் கட்டியவர். கிடங்கு முழுவதற்கும் அவர் மாப்பிள்ளைதான், கணக்கெழுதும் கிழவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்குச் சாக்கு மூட்டை பிடிக்கவில்லை. வெள்ளை பிளாஸ்டிக் டிரம் வரிசையாக வந்து இறங்கியது. ஒவ்வொன்றிலும் பூப்போட்ட லேபிள், அதில் செடியின் பெயர்.

"பேரு மட்டும் இருக்கே, எங்க போகும்னு போடலையே?" என்றாள்.

"அக்கா, வாங்குறவங்களுக்குத் தெரியாதா? வேர்ல 'வாய்'னு எழுதினா பார்க்கிறவன் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும். செத்தாத்தான் தப்பு."

"மூக்கை வச்சு வியாபாரம் பண்ற காலம் போயிடுச்சுக்கா. நாளையிலேர்ந்து நீங்க அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துக்குப் போயிடுங்க."

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு அவள்தான் வேலையே கற்றுக் கொடுத்தவள்.

அன்று காலைதான் ஒரு மூட்டை அன்னாசிப்பூ வந்திருந்தது. சரக்குச் சீட்டிலும் அன்னாசிப்பூ என்றே இருந்தது. குடிக்கிற பூவின் இதழ்கள் படகு மாதிரி கொழுத்து நுனி மழுங்கியிருக்கும்; உடைத்தால் இனிப்பு வாசனை. இதில் இதழ் மெலிந்து, நுனி கிளி மூக்குப் போல வளைந்திருந்தது. வாசனையும் வேறு. இது ஊதுவத்திக்காரர்கள் வாங்குகிற ஜாதி. எரிக்கலாம், காய்ச்சிக் குடித்தால் விஷம். அவள் மூட்டையில் 'புகை' என்று எழுதிச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டே பார்த்தாள். மாப்பிள்ளையின் ஆட்கள் சுவரோரத்துப் பூ மூட்டையையும் சேர்த்து எல்லா மூட்டைகளையும் டிரம்மில் கவிழ்த்து, வெறும் சாக்கை வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். சாக்கோடு எழுத்தும் போய்விடும் என்பது அவளுக்கு உறைத்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். 'அவன் பாடு, அவன் மாமனார் பாடு' என்று வாயை இறுக்கிக்கொண்டு இன்னொரு பெட்டியை மடித்தாள்.

ஒன்பதாம் நாள் ஒரு பெண் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். தையல் ஆலைச் சீருடை, காலில் இரண்டு ஜோடியிலிருந்து எடுத்துப் போட்ட செருப்பு. அவர்கள் கூட்டத்தில் பிள்ளைக்கு வயிறு உப்பினால் அன்னாசிப்பூ போட்டுக் காய்ச்சிய தண்ணீரை இரண்டு கரண்டி புகட்டுவார்கள். நாலு மாதக் குழந்தைக்கு அப்படிப் புகட்டியிருக்கிறாள். வாந்தி, பிறகு வலிப்பு. குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது.

"டாக்டர் என்ன குடுத்தேன்னு கேட்கிறாரு. எப்பவும் குடுக்கிறதுதான்னு சொன்னேன். இது எப்பவும் குடுக்கிறதுதானே?" கிடங்கின் பெயர் போட்ட பாக்கெட்டை நீட்டினாள்.

மாப்பிள்ளை அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல சரக்குதாம்மா. நீங்க அளவு தெரியாம குடுத்திருப்பீங்க."

"அப்ப நான்தானா? நானே என் பிள்ளையை…"

உள்ளேயிருந்து மூக்கக்கா வந்தாள். பாக்கெட்டைப் பிடுங்கி மேஜையில் கொட்டினாள். பாதி கொழுத்த பூ, பாதி கிளி மூக்கு. கலந்தே போயிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து எவரும் தும்மல் கேலி பேசவில்லை.

"அளவா? அளவு தெரியாதது யாருக்குடா?" மாப்பிள்ளையை அவள் 'டா' போட்டது அன்றுதான் முதல் தடவை. "ஆலையில எட்டு மணி நேரம் நின்னு தைச்சுட்டு வந்து பிள்ளையைப் பார்க்கிறவளுக்கு அளவு தெரியாது, டிரம்முக்குப் பூப்போட்ட உனக்குத் தெரியுமா? எரிக்கிற பூவைக் குடிக்கிற பூவோட கொட்டி வச்சிருக்கே!"

சத்தம் கேட்டு முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, மூக்கக்காவைத் தனியே அழைத்தார்.

"எத்தனை கடைக்குப் போயிருக்கு முதலாளி?"

"பதினொண்ணு. மெதுவாத் திருப்பி வாங்கிக்கலாம். நீ கத்தாதே. பிள்ளை பிழைச்சுக்கும்."

"மெதுவான்னா? இன்னும் ரெண்டு பிள்ளைக்கு வலிப்பு வந்தப்புறமா?"

"இருபத்தாறு வருஷம் இந்த வீட்டு உப்பைத் தின்னிருக்கே."

"உப்புன்னு லேபிள் ஒட்டி எதைக் குடுத்தீங்களோ, யாரு கண்டது."

டிரம்மிலிருந்து இரண்டு ஜாதிப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். "வாம்மா" என்று அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள். தடுக்க வந்த மாப்பிள்ளை, அவள் கண்ணைப் பார்த்து வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் குழாய் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் இளைஞர், இரண்டு பூவையும் விளக்கின் கீழ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் நுனியைக் காட்டினாள், உடைத்து முகரச் சொன்னாள். அவர் முகம் மாறியது. செவிலியிடம் ஏதோ மருந்தை மாற்றச் சொன்னார், எங்கோ போன் செய்தார்.

"உணவு ஆய்வாளர் வர்றாரு. எழுதிக் கொடுக்க ஆள் வேணும். இது கலந்திருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார்கள்.

"அன்னைக்கே தெரியும். டிரம்ல கொட்டும்போதே பார்த்தேன்."

கட்டிலருகே நின்ற தாய் திரும்பினாள். "பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"கோவத்துல இருந்தேன்மா. பேசாம இருந்துட்டேன்."

"உங்க கோவத்துக்கு என் பிள்ளையா கிடைச்சான்?" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

ஆய்வாளர் வந்தார். மூக்கக்கா நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டாள், தன் பங்கையும் சேர்த்து. குழந்தைக்கு வலிப்பு நின்றிருந்தது. நாளைக்குப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இவள் கட்டிலை எட்டிப் பார்க்கப் போனாள். தாய் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். அது நியாயம்தான் என்று இவளுக்குத் தோன்றியது.

கிடங்கில் கடைப் பட்டியலை வாங்கிக்கொண்டு, இருவரும் ஆய்வாளரின் வண்டியில் ஒவ்வொரு கடையாகப் போனார்கள். முதல் மூன்று கடையிலும் பாக்கெட்டுகள் அப்படியே இருந்தன. நாலாவது கடைக்காரர், "மத்தியானம் ஒண்ணு போச்சே. பச்சை கேட் வீடு, பேரப்பிள்ளைக்குன்னு வாங்கிட்டுப் போனாரு" என்றார்.

பச்சை கேட் முன்னால் ஆய்வாளர் வண்டியை நிறுத்துவதற்குள் இவள் இறங்கி நடந்துவிட்டாள். கதவைத் திறந்த பெரியவர் கையில் கரண்டி இருந்தது.

"அந்தப் பூவைக் குடுத்துட்டீங்களா?"

"தண்ணி இப்பத்தான் கொதிக்குது. நீ யாரு?"

"அதை வித்த கிடங்குல வேலை பார்க்கிறவ. அது விஷம். கீழே கொட்டுங்க."

பெரியவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தெருவே கேட்கும்படி திட்டினார். நீங்களெல்லாம் மனுஷ ஜென்மமா என்றார், பிள்ளை குட்டி பெத்தவளா என்றார், கட்டையில போறவளே என்றார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "பாத்திரத்தையும் நல்லாத் தேய்ச்சுக் கழுவிடுங்கய்யா" என்று சொல்லி, மீதிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள்.

"அடுத்தது எங்கே?" என்றாள். இன்னும் ஏழு கடை இருந்தது.