டேங்க்கின் கழுத்து

கூண்டு கழுவுவது அக்காவின் வேலை. நனைந்த செய்தித்தாளைச் சுருட்டி எடுத்துவிட்டு, பினாயில் ஊற்றித் தேய்த்து, பூனைப் பக்கத்தை முடித்த பிறகுதான் நாய்ப் பக்கம் வருவாள். பூனை திட்டும், நாய் நன்றி சொல்லும், கூட்டிக்கொண்டு வருகிற மனுஷன் இரண்டும் செய்யமாட்டான் என்பாள்.

அக்கா என்றால் டாக்டரம்மாவின் புருஷனுக்கு அக்கா. கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று ஒற்றை சூட்கேஸோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அந்த மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. மாடியில் வீடு, கீழே ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வைத்தியம் பார்ப்பாள், தம்பி மருந்துக் கவுண்டரில் உட்காருவான், மிச்சமெல்லாம் அக்கா.

டேங்க் வந்த கதையும் ஏறக்குறைய அதேதான். வெளியூர் கிளம்பிய குடும்பம் ஒன்று, அடுத்த வாரம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி விட்டுப்போன நாய். கன்றுக்குட்டி உயரம், புசுபுசுவென்று பழுப்பு முடி, யார் என்ன செய்தாலும் வாலாட்டுகிற குணம். டாக்டரம்மாவுக்கு அந்தக் குணம் பிடித்துப்போனது. அடிபட்டும் நோய்ப்பட்டும் வருகிற நாய்களுக்கு ரத்தம் ஏற்ற, கைவசம் ஒரு நாய் வேண்டும். கழுத்தின் ஒரு பக்கத்தை மழித்து, நரம்பில் ஊசி ஏற்றி, ஒரு பை நிறைய எடுத்துக்கொள்வாள். பெயரும் அவள் வைத்ததுதான். "என்னங்க, டேங்க் ரொம்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

எப்போது எடுத்தோம் என்று குறித்துவைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கழுத்தே சொல்லும் என்பாள். மழித்த இடம் வெறுமையாகத் தெரிந்தால் நாயைத் தொடமாட்டாள். முடி வளர்ந்து மூடிவிட்டால் ரத்தமும் ஊறியிருக்கும் என்பது அவள் கணக்கு. அந்த ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அக்காவுக்கு மனசு கேட்காது. மழிக்கிற மெஷின் சத்தம் கேட்டதுமே டேங்க் எழுந்து, பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு தானே மேஜையடிக்குப் போய் நிற்கும். அக்கா குறுக்கே விழுவாள். "இப்பத்தானேம்மா எடுத்த, அதுக்குள்ளயா?" பொய்தான். டாக்டரம்மா கழுத்தைப் பார்ப்பாள், முடி இருக்கும், எடுப்பாள். சத்தியம் பண்ணியும் பார்த்திருக்கிறாள் அக்கா. பலித்ததில்லை.

டேங்க்கின் மூக்கோரம் நரைத்தபோது நேராகவே கேட்டாள். "வயசாயிடுச்சும்மா. போதும், விட்டுடு. என் ரூம்ல ஒரு ஓரமா கிடக்கட்டும்."

"கோடைக்குள்ள வேற ஒண்ணு பாத்துடறேன் அண்ணி. அப்புறம் இவன் உங்களுக்குத்தான்."

அன்றைக்கே தன் கட்டிலடியில் ஒரு கம்பளியை மடித்து வைத்துவிட்டாள் அக்கா.

கோடை தொடங்குகிற நேரத்தில் மகளின் பிரசவத்துக்காக டாக்டரம்மா ஊருக்குப் போனாள். பதிலுக்கு வந்த சின்ன டாக்டர், லாரியில் அடிபட்ட நாய் ஒன்றுக்காக டேங்க்கின் இடது கழுத்தை மழித்து ரத்தம் எடுத்தார். தம்பிதான் காலைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் காத்திருந்தவர்களில் ஒருவர், "ஆஸ்பத்திரி நாய்க்கே சொறியா? உருப்பட்ட மாதிரிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டேங்க்கும் வாலாட்டியது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து கூண்டு வேலை முடிந்ததும் எண்ணெய் தடவி, மேலே இருந்த நீள முடியை இழுத்து, மழித்த இடம் தெரியாமல் படியச் சீவிவிட ஆரம்பித்தாள். ஓடிப்போன புருஷன் தன் வழுக்கைக்குச் செய்துகொண்ட வித்தை அது. அவனிடமிருந்து அவள் கற்ற உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

டாக்டரம்மா திரும்பி வந்த வாரமே, வீட்டையும் ஆஸ்பத்திரியையும் வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் தன் வெள்ளைக் குட்டை நாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எலி மருந்தைத் தின்றிருந்தது. மூக்கிலும் வாயிலும் ரத்தம்.

"டேங்க்கைக் கொண்டாங்க" என்றாள் டாக்டரம்மா.

"இப்பத்தாம்மா எடுத்தாங்க. நீ இல்லாதப்ப அந்தச் சின்ன டாக்டர்..."

"பாட்டு அதேதான், ஆளு மட்டும் புதுசா அண்ணி?"

"சத்தியமாம்மா."

"போன தடவையும் அதான் சொன்னீங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் முடி. வாயைத் திறந்து, ஈறு வெளுத்திருக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் பார்க்கவில்லை. வலது பக்கத்தில் மெஷினை வைத்தாள். அக்கா தம்பியைப் பார்த்தாள். கட்டடக்காரர் அவனை உரசிக்கொண்டு நின்றிருந்தார். தம்பி, வெறும் பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டை அன்றுதான் முதல்முறை பார்ப்பவன் போலப் படித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் முடியை விலக்கிப் பாரும்மா, நான்தான்..." என்று அக்கா கையை நீட்டினாள்.

"சுத்தமில்லாத கையோட மேஜைகிட்ட வராதீங்க. என்னங்க, இவங்களை வெளிய விட்டுட்டு வாங்க."

தம்பி தோளைப் பிடித்து அக்காவை வெளியே தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் போட்டான். அவள் கதவைத் தட்டியது மெஷின் சத்தத்தில் கேட்டதோ என்னவோ.

மத்தியானம் குட்டை நாய் தலை தூக்கித் தண்ணீர் நக்கியது. கட்டடக்காரர் அழுதுவிட்டார். டேங்க் மேஜையிலிருந்து இறங்கி, பிஸ்கட் தேடி நடைவழியில் வந்து, முன்னங்கால் மடங்கி விழுந்தது. ஈறு காகிதமாக வெளுத்திருந்தது. டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. சலைன் ஏற்றினாள், ஊசி போட்டாள், அந்தத் தரையிலேயே மண்டியிட்டு நெஞ்சை அமுக்கினாள். ஆனால் அதற்கு ரத்தம் கொடுக்க இன்னொரு டேங்க் இல்லை.

மூச்சு நின்ற பிறகுதான் அவள் விரல் இடது கழுத்தில் பட்டது. முடி ஒதுங்கி, அடியில் வெறும் தோலும் ஆறிய ஊசித் தழும்பும் தெரிந்தன. விரலை மோந்து பார்த்தாள்.

"எண்ணெய் போட்டுச் சீவினது யாரு?"

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா, சொறின்னு" என்றாள் அக்கா.

டாக்டரம்மா குழாயடியில் கையை நிதானமாகக் கழுவினாள். "ஊசி குத்தினது நான். கொன்னது நீங்க அண்ணி." துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கடைசிக் கூண்டுல இருக்கே கறுப்பு, அதைத் தேடி யாரும் வரல. நாளைலேருந்து ஈரல் போடுங்க. தலை மட்டும் சீவாதீங்க." கட்டடக்காரரோடு பேச முன்பக்கம் போனாள். அங்கே அவள் குரல் தேனாக ஒழுகியது.

அக்கா மாடிக்குப் போய்க் கம்பளியை எடுத்து வந்து டேங்க்கின் மேல் போர்த்தினாள்.

"நல்ல கம்பளியாச்சேக்கா" என்றான் தம்பி. "சாக்கு இருக்கே."

அவள் ஓரங்களை உள்ளே மடித்துவிட்டாள்.

"தம்பி, அன்னைக்கு இவன் காலைப் பிடிச்சுக்கிட்டது நீதானேடா?"

தம்பி தரையில் கிடந்த காலி சலைன் பாட்டிலை எடுத்தான். டியூபை மெதுவாக அதன்மேல் சுற்றினான். சுற்றி முடித்ததும், அவளைத் தாண்டி, கம்பளியை மிதிக்காமல் காலை எட்டிவைத்து வெளியே போனான்.