ஓட்டிப் பார்க்காத கார்டு

தேவகுமாருக்கு அப்போது முப்பத்தாறு வயது. பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு தையல் கடையின் மாடியில் பாகங்கள் வாங்கி கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் டி.வி. மெக்கானிக். திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போய்வந்து, பார்த்தும் கேட்டும் கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொண்டவர். நெய்யாற்றின்கரையிலிருந்து பனச்சமூடு வரைக்கும் யார் வீட்டில் மெஷின் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் மாத இதழில் எழுதுவார். எந்த மானிட்டர் வாங்கலாம், எந்த மதர்போர்டு சூடாகாது என்பது போன்ற கட்டுரைகள். தலைப்புக்குக் கீழே தன் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும் பக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பார்.

தொண்ணூற்றொன்பது ஜூனில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டு எழுதச் சொன்னார் இதழாசிரியர் பொன்னையன். கம்ப்யூட்டர் விளையாட்டில் படம் திக்காமல் ஓடுவது அந்தக் கார்டைப் பொறுத்தது. திருவனந்தபுரத்து வியாபாரி ஒருவர் இரண்டையும் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். ஒன்று பழைய மாடல். மற்றது புதியது, நினைவகம் இரண்டு மடங்கு. சோதனைக்கு ஒரு துப்பாக்கி விளையாட்டை வைத்துக்கொண்டார். அதில் தானாகவே ஓடும் காட்சி ஒன்று உண்டு. ஓடி முடிந்ததும், நொடிக்கு எத்தனை படம் வரைந்தது என்ற எண் திரையில் வரும். எண் கூடினால் கார்டு நல்லது.

பழைய கார்டை மூன்று தடவை ஓட்டினார். இருபத்தேழு வந்தது. புதியதை எடுத்துப் பூட்டிய அன்று மின்சாரம் ஏறி இறங்கி, மெஷினின் பவர் சப்ளை கருகிவிட்டது. வேறொன்று வாங்கிவருவதற்குள் வியாபாரியின் ஆள் வந்து இரண்டு கார்டையும் எடுத்துப் போய்விட்டான். மறுநாள் கட்டுரை போயாக வேண்டும். இன்னொரு வாரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் இருந்த விவரங்களை நினைத்துப் பார்த்து, புதிய கார்டுக்கு நேரே நாற்பத்தொன்று என்று எழுதினார். 'யோசிக்காமல் வாங்கலாம்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

கட்டுரை வந்து ஒரு மாதம் கழித்து, மடியில் சி.பி.யு. பெட்டியைத் துவர்த்துத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஒரு பெண். பெயர் கிருபாபாய். வெள்ளறடையில் அண்ணனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள் மணிக்கணக்குக்கு வந்து விளையாடுவார்கள்.

"சாரே, நீங்க எழுதினத வாசிச்சாக்கும் இந்த கார்டு வாங்கினேன். உங்களுக்கு நாப்பத்தொண்ணு வந்திருக்கு. எனக்கு இருபத்திரெண்டுக்கு மேல ஏறமாட்டேங்குது. பழைய கார்டுல இருபத்தாறு வந்துது. நான் பூட்டினதுல என்னமோ தப்பு உண்டு. எங்கன்னு மட்டும் சொல்லித் தந்தா போதும்."

கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு தடவையும் கார்டைக் கழற்றி மாட்டிய தேதி, மாற்றிப் பார்த்த டிரைவர் மென்பொருள், வந்த எண். பதின்மூன்று வரிகள். தேவகுமார் அதைப் படித்தார். தப்பு எங்கேயும் இல்லை. தான் செய்திருக்க வேண்டிய வேலை அது என்று அவருக்குத் தெரிந்தது.

"வச்சிட்டுப் போங்க டீச்சரே, நான் பாக்கேன்."

"இல்ல சார், நானும் பாக்கணும். அண்ணனுக்கு ஒரு போன் மட்டும் செய்திட்டு வாறேன்."

அவள் எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போன பத்து நிமிடத்தில் அவர் அதைச் செய்தார். விளையாட்டில் படத்தின் அளவு எண்ணூறுக்கு அறுநூறு என்று இருந்தது. கட்டுரையிலும் அந்த அளவைத்தான் சொல்லியிருந்தார். அதை ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு முந்நூற்றெண்பத்துநான்கு என்று குறைத்தார். படம் சிறியதானால் கார்டுக்கு வேலை குறையும், எண் ஏறும். அவள் திரும்பி வந்தபோது திரையில் நாற்பது நின்றது.

"அய்யோ, கொள்ளாமே! என்ன செய்திய சார்?"

"டிரைவர் செரியா ஏறல்ல. அவ்வளவுதான்."

"இதுல எழுதித் தருவியளா? மறந்து போவேன்."

பதினான்காம் வரியில் 'டிரைவர் மாற்றியது' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். அவள் ஜன்னல் வழியாகக் கும்பிட்டாள். அதைப் பார்க்க முடியாமல் கீழே தரையைப் பார்த்தார்.

செப்டம்பரில் பொன்னையன் போன் செய்தார்.

"தேவகுமாரே, வெள்ளறடையில இருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. ஒரு பெண்ணாக்கும். படம் மங்கலா தெரியுதேன்னு பாத்தப்ப அளவு கொறஞ்சு கெடந்துதாம். பெரிய அளவுல அதே இருபத்திரெண்டுதானாம். சாருக்குத் தெரியாம விரல் பட்டு மாறியிருக்கும், கட்டுரையில எண் அச்சுல பெசகியிருக்கும், சார்ட்ட கேட்டு சொல்லுங்கன்னு எழுதியிருக்கா. நானும் அச்சுப்பிழைன்னு ஒரு வரி போட்டிரட்டா?"

தேவகுமார் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு 'ஆமா' போதும். அவரை அவள் சந்தேகப்படவே இல்லை. தப்பிக்கிற வழியையும் அவளே எழுதி அனுப்பியிருக்கிறாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வெள்ளறடைக்குப் போனார். வகுப்பு முடிந்து கிருபாபாய் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"டீச்சரே, அச்சுல ஒண்ணும் பெசகல்ல. அந்தக் கார்ட நான் ஓட்டியே பாக்கல்ல. எண்ண நானாட்டு எழுதினேன். அன்னைக்கு அளவக் கொறச்சதும் நானாக்கும். தெரிஞ்சுதான் செய்தேன்."

அவள் பலகை துடைப்பானை மேஜையில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"பதிமூணு தடவ களத்தி மாட்டினேன் சார். ஒனக்கு மெஷின் தொறக்கத் தெரியாதுன்னு அண்ணன் சொன்னப்ப, செரிதான்னு நெனச்சேன். போன மாசத்துல இருந்து மெஷின நான் தொறக்கல்ல. அண்ணன் வேற ஆள வச்சாக்கும் பாக்கான். நான் உங்க முன்ன நிக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும்."

"உங்க கையெழுத்துப் போட்டு வேற தந்திய."

காது மடலெல்லாம் எரிந்தது. கிளம்பிவிடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை. அண்ணனை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இப்ப எனக்க அண்ணனுக்க முன்ன ஓட்டுங்க. ரெண்டு கார்டையும்."

மெஷினைத் திறந்து கார்டை மாட்டியது அவள்தான். அவர் பக்கத்தில் நின்று எண்களை எழுதினார். பழையது இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தேழு. புதியது இருபத்திரண்டு, மூன்று தடவையும். அண்ணன் தேவகுமாரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தேவகுமாருக்குத் தோன்றியது.

அக்டோபர் இதழில் அவர் எழுதிய எட்டு வரி வந்தது. ஓட்டிப் பார்க்காமல் எழுதினேன், கேட்க வந்தவரையும் ஏமாற்றினேன், உண்மையான எண்கள் இவை, எடுத்தவர் வெள்ளறடை கிருபாபாய் என்று. பொன்னையன் அதை வெட்டாமல் போட்டார். அதன்பிறகு அவரிடம் கட்டுரை கேட்கவில்லை. வியாபாரியும் இரவல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். ரிப்பேருக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும், "இது ஓட்டிப் பாத்து சொல்லுததா, சும்மா சொல்லுததா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவரும் சிரிக்க முயல்வார்.

அடுத்த வருடம் ஒப்பீட்டுக் கட்டுரைகள் கிருபாபாய் பெயரில் வர ஆரம்பித்தன. என்ன மெஷின், எந்த டிரைவர், படத்தின் அளவு என்ன, எத்தனை தடவை ஓட்டியது என்று எல்லாமே இருக்கும். தேவகுமார் ஒன்று விடாமல் படித்தார். எந்த கார்டு வாங்கலாம் என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டுவார்.

ஒரு தடவை பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் அவளைக் கண்டார். எதிர்ப்பக்கம், பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். ரோட்டைக் கடந்து போய் நாலு வார்த்தை பேசலாம். அவர் பக்கத்து மருந்துக்கடைக்குள் நுழைந்து, தேவையில்லாத ஒரு தலைவலி மாத்திரையைக் கேட்டு வாங்கி, வெள்ளறடை பஸ் புறப்படும் சத்தம் கேட்கும் வரைக்கும் அங்கேயே நின்றார்.