போனில் இரைந்த அருவி

அருவிக்கு ஒரு நாள் டூர் ஏற்பாடு செய்கிற தொழிலில் வேன் நம்முடையது, சாப்பாடு நம்முடையது, தண்ணீர் மட்டும் அணைக்காரர் தயவு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிப் பார்த்தவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். டிரைவர் என் வீட்டுக்காரர்.

மொட்டைப் பாறை

போன ஏப்ரலில் மர்பி டவுனிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அத்தி பூத்த மாதிரி. தலை நிறையப் பூ, வேன் முழுக்கச் சிரிப்பு. சிவனசமுத்திரம் அருவிக்குப் போய் இறங்கினால், ஐயோ, கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி வெறும் பாறை! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. யாராவது திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். கூட்டத்துக்குத் தலைவியான செல்வி அக்கா நிழலில் துண்டை விரித்து, எலுமிச்சம் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னார்:

"பரவால்லம்மா, பாறையையும் யாராச்சும் பாக்கணும்ல?"

காதால் பார்ப்பது

அன்றைக்கே சபதம் போட்டேன், இதே பன்னிரண்டு பேருக்கும் தண்ணீரைக் காட்டாமல் விடுவதில்லை என்று. இன்டர்நெட் படங்களை நம்பினால் வருஷம் பூரா வெள்ளம்தான். அதனால் அருவி வாசலில் எளநீர் விற்கிற ஜெயம்மாவின் நம்பரை வாங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு, "நீரு இதெயா, ஜெயம்மா?" என்று கன்னடத்தில் தண்ணீர் இருக்கிறதா எனக் கேட்பேன். அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். போனை அருவிப் பக்கம் நீட்டுவார். இரைச்சல் கேட்டால் டூர் உண்டு. குரங்குச் சண்டை மட்டும் கேட்டால் கேன்சல். அப்படி டூர் கேன்சலான ஒரு ஐடி தம்பி என்னிடம் எகிறினான்:

"மேடம், சத்தத்தை நம்பியா டூர் போடுறீங்க? இதுக்கு ஒரு ஆப் கூடவா இல்ல?"

சூப்பர்வைசர்

ஜூலையில் குடகுப் பக்கம் மழை கொட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜெயம்மா போனை நீட்டியதும் என் காதே அடைத்துப்போனது. உடனே செல்வி அக்காவைக் கூப்பிட்டேன். "சூப்பர்வைசர் லீவு தரமாட்டேங்கறாரும்மா" என்றார், குரல் இறங்கிப்போய்.

விடுவேனா? சனிக்கிழமை காலையிலேயே அவர்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வேலூர்க்காரர். பன்னிரண்டு பேரும் போனால் யார் கூட்டுவது என்றார். ஞாயிற்றுக்கிழமை இங்கே நாலு பேர்கூட இருக்க மாட்டார்களே என்றேன். ரூல்ஸ் என்றார். நான் பேப்பர் படித்தேன், டீ குடித்தேன், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்:

"தாயே, எழுந்து போங்க. நாளைக்கு நானே மாப் போட்டுக்கறேன்."

கயிறு

ஞாயிறு காலை வேனில் ஜெயம்மாவை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் போனை நீட்டியதும் இரைச்சலுக்கே பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். போய் இறங்கினால், வெள்ளம் அதிகம் என்று காட்டிலாகாக்காரர்கள் படிக்கட்டை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குத் தண்ணீர் இல்லை, இன்றைக்கு வழி இல்லையா? காவலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கம்பி வேலியோரம் நின்று பார்க்கலாம் என்றார்.

அங்கேயே சாரலில் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். எதிரே மலையே கரைந்து விழுகிற மாதிரி தண்ணீர். அப்புறம் செல்வி அக்கா முந்தானையில் போனைத் துடைத்தார், சூப்பர்வைசருக்குப் போட்டார், ஜெயம்மா மாதிரியே அருவிப் பக்கம் நீட்டிப் பிடித்தார். கொஞ்சம் கழித்துக் காதில் வைத்துக் கத்தினார்:

"கேட்டுச்சா சார்? அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க வாங்க, மாப்பை நாங்க பாத்துக்கறோம்!"

அணை திறக்க ஒரு மழை போதும், பன்னிரண்டு பேருக்கு ஒரே ஞாயிறு லீவு திறக்கத்தான் சாப்பாட்டு டப்பாவோடு போய் உட்கார வேண்டியிருக்கிறது.