நான் எந்த வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் அம்மா என்று யாரும் இல்லை. அக்கா இருந்தாள், நைனா இருந்தார். அக்காவின் புருஷன் எனக்கு எப்படி அப்பா ஆனார் என்று மூன்றாம் வகுப்பு படிக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

எங்கிருந்து வந்தேன் என்று கேட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான். "எதிர் வீட்டு அத்தகிட்ட ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கினேன்." ஆரணியில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சீண்டுவார்கள், சீண்டிவிட்டுச் சிரிப்பார்கள். அக்கா சிரித்ததில்லை. சொல்லிவிட்டுத் தோட்டத்துக் கதவைப் பார்ப்பாள். அந்தக் கதவு எங்கள் வீட்டில் பகலிலும் தாழ் போட்டே இருக்கும்.

நடு வீட்டு உத்தரத்தில் தூளி கட்டும் கொக்கி இருந்தது. அதற்குக் கீழே நான் படுக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு என் பெயரை யாரும் சொல்லக் கூடாது, "இந்தா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் எல்லோர் வீட்டிலும் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் தெருவுக்குப் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சரை அனுப்பியிருந்தார்கள். நல்ல வெயிலில் வந்தார். அக்கா நடு வீட்டில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். உள்ளே நைனா தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டார்.

"ரெண்டு பேருங்க. நானும் அவரும்."

டீச்சர் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். "உங்களுக்கு உயிரோட பொறந்த புள்ளைங்க எத்தினி?"

"ரெண்டு பசங்க."

"இப்ப இருக்கறது?"

"ஒண்ணும் இல்லைங்க."

அக்காவுக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் மூக்கும் அக்காவின் மூக்கும் ஒரே அச்சு என்று தெருவே சொல்லும்.

"அப்ப இந்தப் பொண்ணு?"

"அது எங்களுது இல்லைங்க." அக்கா இதைத் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். அவள் கண் டீச்சர் மேல் இல்லை, டீச்சரின் தோளுக்குப் பின்னால் இருந்தது. "எதிர் வீட்டுது. தவுடு குடுத்து வாங்கினது. எங்களுக்குச் சொந்தமே இல்ல."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. நைனா சாப்பாட்டுக்குக்கூட அப்படிச் சட்டென்று நிறுத்த மாட்டார். டீச்சர் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் இல்லை. தாழ் போட்ட தோட்டத்துக் கதவுதான் இருந்தது. ஆனால் அக்கா அங்கே யாரோ நிற்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத எங்கம்மா சேக்கறது?" டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"எதிர் வீட்ல போட்டுக்குங்க."

டீச்சர் எதிர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், எங்கள் வீட்டைப் பார்த்தாள். "எங்க கணக்குல வராதுங்க. அத நான் வித்துட்டேன்" என்றாள், அவளும் சத்தமாக.

இந்த வீட்டிலும் நான் இல்லை, அந்த வீட்டிலும் இல்லை. நடுத்தெருவில் நின்றேன். இரண்டு வீட்டிலும் சேர்க்காத பிள்ளையை அரசாங்கம் என்ன செய்யும் என்று யோசித்தேன். போளூர் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்விடும் என்று தோன்றியது.

அப்போது அக்கா வீட்டிலிருந்து இறங்கி வந்து டீச்சரின் கையைப் பிடித்தாள். "ஜல்தியா வாங்க" என்று தெருமுனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அத்தை காலிக் குடத்தோடு பின்னால் ஓடினாள். குடத்தை வைத்துக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். பித்தளைக் குடத்தில் தண்ணீர் விழுந்து தெருவே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் அக்கா டீச்சரின் காதில் வாயை வைத்து என்னவோ சொன்னாள். சொல்லும்போதும் ஒருமுறை எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார், எதையோ எழுதினார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேரம் முடிந்துவிட்டது, என்னை டீச்சருக்கு விற்றுவிட்டாள் என்றே நம்பினேன். ஒரு வாரம் பஸ் சத்தம் கேட்டாலே தறிக்குழிக்குள் இறங்கி நைனாவின் காலைக் கட்டிக்கொள்வேன். அவர் நெய்வதை நிறுத்திவிட்டு என் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அத்தை விஷயத்தை உடைத்தாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பையன்களும் அந்தக் கொக்கியில் கட்டிய தூளியில்தான் செத்துப்போனார்களாம். அக்காவைப் பெயர் சொல்லாமல் "அம்மா" என்று யாரோ தோட்டத்துப் பக்கமிருந்து கூப்பிட்ட மறுநாள் மூத்தது, அதேபோல் இன்னொரு நாள் இளையது. மூன்றாவதாக நான் பிறந்ததும் அத்தையிடம் கொடுத்து, தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். இந்த வீட்டில் அம்மா என்று கூப்பிட ஆளில்லை, எடுத்துப்போகப் பிள்ளையும் இல்லை என்று அது நம்ப வேண்டும். அத்தை "அது" என்றுதான் சொன்னாள்.

குழாயடியில் அக்கா சொன்னதை அத்தை அப்படியே சொன்னாள்: "என்னுதுதாங்க. மூணாவது. உசுரோட இருக்குது. எழுதிக்குங்க, வாய்விட்டுப் படிச்சிடாதீங்க."

பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக அவள் என்னைத் தன் பிள்ளை என்று சொன்னாள். விலை பேசுகிறாள் என்று நினைத்து நான் நடுத்தெருவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.