கண்ணாடி அறையில் ஒரு கார்

விலை உயர்ந்த காரை விற்பது பெரிய வித்தை இல்லை. மலிவான காருக்குப் பேர் வாங்கிய கடையில் நின்றுகொண்டு விலை உயர்ந்த காரை விற்பதுதான் வித்தை. விற்பனை வேலையில் செருப்புத் தேய்ந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் நான் பட்ட பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு கார் ஷோரூமில் இருந்தேன். எங்கள் கம்பெனி கார் ஓடாத தெரு ஜில்லாவில் கிடையாது. வாத்தியார், மருந்துக்கடைக்காரர், பேங்க் மானேஜர் எல்லாரிடமும் அந்தச் சின்னக் கார்தான். அதே கம்பெனி திடீரென்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தது. அந்தக் காசுக்குச் சின்னக் கார் மூன்று வாங்கி வாசலில் வரிசையாக நிறுத்தலாம். இதை விற்பதற்கென்றே என்னைத் தனியாக வேலைக்கு எடுத்தார்கள். அந்த வேலையை நம்பி எனக்குப் பெண்ணும் நிச்சயமாகிவிட்டது. கார் நிலைத்தால் நான் நிலைப்பேன், அவ்வளவுதான் என் கதை.

சத்தம் போடாத வண்டி

லாரியிலிருந்து அது இறங்கிய அன்று கடையில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. முத்து வெள்ளை நிறம். கதவைச் சாத்தினால் ‘டப்’ என்று ஒரு கனமான சத்தம், அவ்வளவுதான். எங்கள் சின்னக் காரின் கதவை மூன்று தடவை அடித்துச் சாத்திப் பழகிய கை எனக்கு. இதைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டே நின்றேன். மலைப்பு என்று சொல்கிறார்களே, அதை அன்றைக்குத்தான் முழுசாக அனுபவித்தேன்.

முதலாளி சட்டைக்கையை மடக்கிவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார். ‘கர்ர்ர்’ என்று பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்ஜின் முதல் தடவையே ஓட ஆரம்பித்திருந்தது. அது அவர் காதில் விழவில்லை. நான் ஓடிப் போய்த் தடுத்தேன். அவர் வெளியே இறங்கி, பானட்டில் கையை வைத்துப் பார்த்து, லேசாக ஒரு அதிர்வு தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏலே முத்து, முப்பது வருசமா வண்டி யாவாரம் பண்ணுதேன், உயிர் இருக்கான்னு தொட்டுப் பாத்த வண்டி இதுதாம்லே!”

வாசலில் செருப்பு

சென்னையிலிருந்து கம்பெனி அதிகாரி வந்தார். சின்னக் காரும் பெரிய காரும் ஒரே கூரையின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெரிய காருக்கு மரியாதை போய்விடும் என்பது அவர் கட்சி. கடைக்குள்ளேயே ஒரு கண்ணாடி அறை எழும்பியது. உள்ளே ஏ.சி., தரையில் சிவப்புக் கம்பளம், மேலிருந்து மஞ்சள் விளக்கு, வாசனைக்கு ஒரு கிண்ணத்தில் மல்லிகைப்பூ. நானும் அறையோடு சேர்ந்த பொருளாகக் கழுத்தில் டையுடன் நின்றேன். வெளியில் வெயில் கொளுத்தும், உள்ளே என் பல் தந்தியடிக்கும்.

கூட்டம் வந்தது. அதில் குறையே இல்லை. வீரவநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் சின்னக் கார் எடுக்க வந்து, இதைப் பார்க்க ஆசைப்பட்டது. அந்த அம்மாள் கம்பளத்தையும் விளக்கையும் பார்த்துவிட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து வீட்டுக்காரரும் கழற்றினார். அவர்களைப் பார்த்து அடுத்து வந்தவர்கள். சாயங்காலத்துக்குள் வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது. “செருப்போடயே வரலாம்” என்று நான் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வலமாகவே காரைச் சுற்றி வந்தார்கள். விலை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டார்கள். வெளியே போகும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோசம் தம்பி, நல்ல தரிசனம். இனி பைய வெளிய போயி நம்ம வண்டியப் பாக்கோம்.”

சொல்லக் கூடாத பேர்

பாளையங்கோட்டையில் பெரிய கான்ட்ராக்டர் ஒருவர். வாங்கக்கூடியவர், வாங்கும் எண்ணத்தோடு வந்தவர், செருப்பையும் கழற்றாதவர். நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தேன். சீட்டில் சாய்ந்தார், கண்ணாடியை ஸ்விட்சில் இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அப்புறம் கண் ஸ்டியரிங் நடுவில் இருந்த முத்திரையில் போய் நின்றது. முகம் மாறிவிட்டது. “எங்க கணக்குப்பிள்ளை வண்டியிலயும் இதேதான இருக்கு” என்று இறங்கிப் போய்விட்டார்.

இதை நான் போனில் சொன்னதும் சென்னை அதிகாரி ஒரு உத்தரவு போட்டார்: கண்ணாடி அறைக்குள் கம்பெனிப் பேரை உச்சரிக்கக் கூடாது, மாடல் பேரை மட்டும் சொல்ல வேண்டும். பெற்ற தகப்பன் பேரைச் சொல்லாமல் மாப்பிள்ளையை அறிமுகம் செய்கிற கதைதான். அடுத்து வந்த கல்லூரி ஆசிரியர், இது எந்தக் கம்பெனி என்று கேட்டார். நான் இன்ஜினைப் பற்றிப் பேசினேன். மறுபடி கேட்டார். நான் சீட் துணியைப் பற்றிப் பேசினேன். அவர் சுற்றிப் போய்ப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வந்து என் தோளைத் தட்டினார்.

“நல்ல பேருதானவே போட்டிருக்கு, அதுக்கு ஏன் இப்படி வெக்கப்படுதீரு?”

பிரேக்கும் கரண்டும்

நடுவில் சென்னையில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். அங்கே ஒரு வீடியோ போட்டார்கள். ஜப்பானில் ஒரு கார், பெட்ரோலிலும் ஓடுகிறது, கரண்டிலும் ஓடுகிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடுகிறது. பிரேக் பிடித்தால் அந்த வேகமே கரண்டாக மாறி பேட்டரிக்குப் போகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகையாகச் சொல்லவில்லை, விளக்குப் போட்ட பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பெரிய கார் வரிசை நிலைத்துவிட்டால் நாளைக்கு இந்த மாதிரி வண்டியும் அதே வரிசையில்தான் வரும் என்றார்கள். அந்த வரிசை திருநெல்வேலியில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குச் சம்பளத்தைத் தாண்டியும் ஒரு வெறி வந்தது.

ஊர் திரும்பி, பார்த்தவரிடமெல்லாம் அதைச் சொன்னேன். சின்னக் காரை சர்வீசுக்கு விட வந்த வக்கீல் ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடிச் சுவருக்கு வெளியே, சிக்னலில் முட்டி முட்டி நின்ற பஸ்களைக் காட்டினார்.

“பிரேக்கு போட்டா கரண்டு வருமாவே? அப்பம் நம்ம டவுன் பஸ் டிரைவர் ஒருத்தன் போதுமே, வண்ணார்பேட்டை முழுக்க லைட்டு எரியும்!”

ஆடியில் அட்வான்ஸ்

கடைசியில் சென்னையிலிருந்து ஓலை வந்துவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் ஒரு அட்வான்சாவது வர வேண்டும். வராவிட்டால் கார் மதுரைக் கடைக்குப் போய்விடும், பெரிய கார் வரிசையும் அதோடு போகும். என் வேலையும் போகும் என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லை. சென்னை அதிகாரி பார்த்தது இங்கிலீஷ் காலண்டர். அந்தத் தவணை ஆடி மாதத்துக்குள் விழுந்தது அவர் கண்ணில் படவே இல்லை. ஆடியில் எங்கள் பக்கம் சைக்கிளுக்கே அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். முதலாளி போனை எடுத்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கம் கிடைத்த பதிலைக் கேட்டு, போனை வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“ஆடி தள்ளுபடி போடச் சொல்லுதான்லே, துணிக்கடைன்னு நெனச்சிட்டான் போல.”

பாபநாசம் போன பாதை

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், தச்சநல்லூர் ரைஸ் மில் அண்ணாச்சி தன் சின்னக் காரை சர்வீசிலிருந்து எடுக்க வந்தார். வேண்டிய சாமான் வரவில்லை, வண்டி ரெடியாகவில்லை. மறுநாள் பாபநாசம் போய் ஆற்றில் முங்கி, அப்பா தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். அண்ணாச்சி குதித்தார். முதலாளி ஒரு நிமிஷம் யோசித்தார். கண்ணாடி அறையைத் திறக்கச் சொன்னார். எப்படியும் மதுரைக்குப் போகிற வண்டி, நல்ல காரியத்துக்காவது ஓடட்டும் என்றார். விடிந்ததும் நான் ஓட்டினேன். பின்சீட்டில் அண்ணாச்சியும் அவர் மனைவி உலகம்மாள் அக்காளும்.

சேரன்மாதேவி தாண்டும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ரோட்டில் பள்ளம் வருகிறது, வண்டி ஏறி இறங்குகிறது, மடியில் வைத்திருந்த செம்பில் தண்ணீர் அலம்பவில்லை. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், எதிரே முழு மலையும் வந்து நிற்கிறது, உள்ளே மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. இதையா விற்க முடியாமல் அனுப்பப் போகிறோம் என்று வருத்தமாக இருந்தது. அண்ணாச்சி மெதுவாக நெல் விலை பற்றி ஏதோ சொன்னார். அக்கா திரும்பி அவரையே பார்த்தாள். “தம்பி, கல்யாணமான நாளா இவுக கூட கார்ல போறேன். இவுக சொல்லுத வார்த்தை முழுசா எங்காதுல விழுந்தது இன்னைக்குத்தான்” என்றாள். அண்ணாச்சிக்கு வெட்கம் வந்துவிட்டது.

பாபநாசத்தில் கூட்டமென்றால் கூட்டம். வண்டிகளை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்த ஆள் எங்கள் காரின் மூக்கில் இருந்த முத்திரையைப் பார்த்தான், சின்னக் கார்கள் நின்ற பக்கம் கையைக் காட்டினான். வரிசையில் விட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற தோரணையில் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. தூரத்தில் போய் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். “வெளிநாட்டுக் கார் வாங்கினான் என் பங்காளி. மறுவாரமே கோயில் கொடைக்கு வரி கேட்டு ஊரே வந்துட்டு. கண்ணுபட்டு வயித்துவலி வேற. இதப் பாரும்வே, நெருங்கி வந்து பாத்தாத்தான தெரியுது! அத்தனையும் உள்ளல்லா இருக்கு!” என்றார். ஆற்றில் முங்கி, எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தவர், ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் அட்வான்ஸ் தருவதாகச் சொன்னார்.

ஆவணியில் இந்தக் கார் மதுரையில் இருக்கும். அதை அவரிடம் சொன்னேன். என் கல்யாணம் வரைக்கும் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். மனசு இருக்கிறது, மாதம் இடிக்கிறது. உலகம்மாள் அக்கா ஈரத் தலையை முடிந்துகொண்டு, கணவரின் கைப்பையை வாங்கிப் பணத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

“ஆடிதான ஆகாது, அமாவாசை ஆகும்லா? இப்பத்தான தண்ணி விட்டிய, உங்க அப்பாவும் தாத்தாவும் இங்கனதான் நிப்பாக. அவுக முன்னால குடுத்ததுக்கு எவன் நாள் பாக்கப் போறான்!”

மேலிடத்துக்கு என்ன எழுதுவது?

அன்று சாயங்காலமே போன் செய்தேன். அதிகாரிக்கு நம்ப முடியவில்லை. எதைப் பார்த்து வாங்கினார்கள், விளக்கா, கம்பளமா, கம்பெனிப் பேரைச் சொல்லாமல் விட்டதா என்று ஆர்வமாகக் கேட்டார். கம்பெனிப் பேரைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்றேன். நூறு காரோடு நிறுத்தினால் நூற்றொன்றாக நிற்கும், ஏறி உட்கார்ந்தவருக்கு மட்டும் அருமை தெரியும், அதனால்தான் என்றேன். அந்தப் பக்கம் அதிகாரி காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“அதெல்லாம் சரிப்பா, வெளியே தெரியாம இருக்கிறதுதான் இதோட பெருமைன்னு நான் மேலே எப்படி எழுதுறது?”

அவர் என்ன எழுதினாரோ தெரியாது, பெரிய கார் வரிசை எங்கள் கடையிலேயே நிலைத்தது. அண்ணாச்சி சொல்லி அடுத்தடுத்து வாங்க வந்த எல்லாரும் ராத்திரியில் டெலிவரி கேட்டார்கள். பகட்டுக்கென்று செய்த காரை ஊருக்குத் தெரியாமல் விற்றுக் கல்யாணம் முடித்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.