ஸ்டௌட்டுக்கு எத்தனை மார்க்

அயர்லாந்தில் கார்க் என்றொரு ஊர். அங்கே பியர் ருசிக்கக் கொடுக்கும் கண்ணாடிக் குவளைக்கு வயிறு பெரிது, வாய் சின்னது. உள்ளே ஊற்றுவதோ ஒரு விரற்கடை. காலை நேரத்தில், படித்த பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து குவளைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு வாளி. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. உணவுத் தொழில்நுட்பம் படித்து, அங்கேயே மேல்படிப்பும் முடித்து, ஒரு சின்ன பியர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தேன். வேலை நிலைக்க வேண்டுமென்றால் ருசி பார்க்கும் குழுவில் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் ஒப்பந்தம் முடியும். ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும்.

அன்று வைத்தது புதிதாகக் காய்ச்சிய ஸ்டௌட். நம்மூர் பியரை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இது தார் மாதிரிக் கறுப்பு. எண்ணெய் போலக் கனத்து இறங்கும். வீரியமும் சாதாரண பியரைவிட இரண்டு மடங்கு. நான் குவளையை எடுத்தேன், தலையை அண்ணாந்தேன், உதட்டில் படாமல் ஊற்றினேன். யோசித்துச் செய்ததில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு ஒரே செம்பு, அதில் யார் எச்சிலும் படக்கூடாது. கை பழகிய வழியே போய்விட்டது. அத்தனை கனமான சரக்கு நேரே தொண்டைக்குள் விழுந்ததும் புரையேறியது. இருமிக்கொண்டே என் உச்சந்தலையில் நானே தட்டிக்கொண்டேன். குழுத்தலைவி ஓர்லா, நல்ல பெண்தான், பதறி எழுந்து வந்து "தலைவலியா?" என்றாள். இல்லை, எங்கள் ஊரில் புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்குத்தான் தட்டுவோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டாள். பிறகு என் தாளின் மேல், 'தலைவலி, மதிப்பெண் செல்லாது' என்று எழுதினாள்.

செல்லாமல் போனதும் நல்லதுதான். அண்ணாந்து குடிக்கிறவனின் மூக்குக்கு என்ன வேலை? என் அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவரும் கூட்டாளிகளும் குடித்து நான் பார்த்திருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, உடனே நாக்கில் ஊறுகாய். வீட்டுக்கு வரும்போது வாயில் கொய்யா இலையை மென்றுகொண்டு வருவார். அம்மா வாசலிலேயே மறித்து, "எங்க, ஊதும் பாப்போம்" என்பாள். அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் போர்வைக்குள் படுத்துக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அந்த வாசனை குற்றத்தின் தடயம். அதைப் போய் நிதானமாக முகர்ந்து, பிரித்து, பெயர் சொல்லி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடு என்றால்?

ஆனாலும் போட்டேன். அடுத்தடுத்த அமர்வுகளில் உதட்டை வைத்துக் குடித்தேன். கருகிய பாகு வாசனை வந்தது. சாரல் காலத்தில் அம்மா போடும் கருப்பட்டிக் காப்பி அடிப்பிடித்தால் வருமே, அதேதான். சந்தோஷத்தோடு எழுதினேன். கணினியில் அப்படி ஒரு கட்டம் இல்லையென்று ஓர்லா சொன்னாள். இருந்த கட்டங்கள் ப்ரூன் என்கிற உலர்ந்த பிளம் பழம், லிக்கரிஷ் என்கிற அதிமதுர மிட்டாய், ட்ரீக்கிள் என்கிற கறுத்த சர்க்கரைப் பாகு. மூன்றையும் நான் வாயில் வைத்ததில்லை. எல்லோரும் எட்டு போட்ட சரக்குக்கு நான் மூன்று போட்டேன். என் மார்க்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சராசரி கணக்கிட்டார்கள். ஒரு முறை அல்ல, ஒவ்வொரு முறையும். கடைசியாக ஒரு மறுதேர்வு தருவதாகச் சொன்னார்கள். நான் ஒரு பாக்கெட் ப்ரூன் வாங்கி வந்து, தினமும் தின்று, அதன் ருசியை மனப்பாடம் செய்தேன். ஆப்பிளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஏ ஃபார் ஆப்பிள் படித்துத் தேறியவனுக்கு இதுவா பெரிய காரியம்! தண்ணீர், தேநீர், பால் எதையும் முகராமல் குடிப்பதில்லை என்று பழகினேன். மறுதேர்வில் ப்ரூன் என்று தட்டினேன், லிக்கரிஷ் என்று தட்டினேன், எட்டு போட்டேன். அந்த ஸ்டௌட் எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. முடிவு மின்னஞ்சலில் வரும் என்றார்கள். விடுப்பில் தென்காசிக்கு வந்துவிட்டேன்.

அந்த ஸ்டௌட்டில் ஒரு பாட்டிலையும் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். அப்பாவும் நானும் ஐந்தருவியில் குளித்துவிட்டு, அப்பாவின் கூட்டாளி சுடலைமுத்து அண்ணாச்சி காவல் பார்க்கும் வடகரைத் தோப்புக்குப் போனோம். அப்பா இப்போது தொடுவதில்லை. நெஞ்சுவலி வந்தபிறகு விட்டுவிட்டார். தள்ளி உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு ஊற்றிக் கொடுத்து, முதலில் வாசனை பாருங்கள், பிறகு கொஞ்சமாக நாக்கில் உருட்டுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, மோந்து பாக்கதுக்கா ஒன்ன இத்தன தூரம் படிக்க வச்சான் ஒங்கப்பன்? ஒரு நாய வளத்தா போதாதா?"

சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்தார், அண்ணாந்தார், ஊறுகாயைத் தேடினார். எத்தனை மார்க் என்று விடாமல் கேட்டேன். போதைக்கு நூறு, ருசிக்கு முட்டை என்றார். அப்பா சிரிக்கவில்லை. "இதக் குடிச்சுப் பாக்கதுதான் ஒனக்கு வேலையா?" என்று மட்டும் கேட்டார். குடிப்பதில்லை, துப்பிவிடுவோம் என்றேன். துப்புகிறதற்குச் சம்பளமா என்று அண்ணாச்சி தொடங்கிவிட்டார். இரண்டு நாட்டிலும் என்னால் ஒரு விஷயத்தைச் சரியாக விளக்க முடியவில்லை என்ற எரிச்சலோடு வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் தாகத்துக்குச் செம்பை எடுத்தேன். என்னை அறியாமல் முதலில் மூக்கு உள்ளே போனது, பிறகு உதடு. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்தலே மோந்து பாக்க? பானத் தண்ணிதான்" என்றாள். செம்பை வாங்கிப் போய்ப் புளி போட்டு விளக்கினாள். மறுநாள் பானை மூடியின் மேல் செம்புக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. வெளியாட்கள் வந்தால் எடுக்கிற டம்ளர். எனக்காம்.

நேற்று ஓர்லாவின் மின்னஞ்சல் வந்தது. தேறிவிட்டேன். 'உங்கள் மதிப்பெண்கள் இப்போது எங்களுடையவற்றோடு ஒத்துப்போகின்றன' என்று எழுதியிருந்தாள். வேலை நிலைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் முகமெல்லாம் மலர்ந்து, முதலில் தண்ணியக் குடி என்று அந்த டம்ளரில் மொண்டு நீட்டினாள். எங்கிருந்து கோபம் வந்ததோ, டம்ளரைத் தள்ளிவிட்டுச் செம்பை எடுத்தேன். அண்ணாந்தேன். வாயைத் தவறிய தண்ணீர் மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு முட்டப் புரையேறியது.

அம்மா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினாள். "ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்ல. அங்கன யாரோ ஒன்ன நெனைக்காவ" என்றாள்.

கார்க்கில் புரையேறியபோது, இங்கே அம்மாதான் நினைக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் கை என் தலைமேலேயே இருந்தது.