கிளேட்டன் ஹூடக்கின் தலை

எங்கள் ஊரில் இந்த வருடம் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

போர்ட் ஹாலனில் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹேமர்ஸ் ஜெயித்தால் மறுநாள் சிடுமூஞ்சி ரொட்டிக் கடைக்காரன்கூடச் சிரித்த முகமாக இருப்பான். போன வருடம் வரை தோல்விமேல் தோல்வி. பழைய கோச்சை விரட்டிவிட்டு டெல் ப்ரூயிட் என்று ஒருவனைப் பிடித்து வந்தார்கள். அவன் வந்ததும் வராததுமாகச் சொன்னது இதுதான்: "காயம்னு ஒரு ஆட்டம் உக்காந்தவன், அடுத்த ஆட்டத்துக்கு வர வேணாம்." ஊரே கைதட்டியது. இரும்பாலை மூடியதிலிருந்து, கறாராகப் பேசுகிற ஆளைக் கண்டால் எங்கள் ஜனங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

என் தம்பி கிளேட்டன் அந்த அணியில் ஆடினான். நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பந்தை எறிகிறவன், பிடிக்கிறவன் பெயர் போட்ட சட்டைதான் கடையில் விற்கும். இவன் வேலை வேறு. நம் அணி பந்தை உதைத்ததும் தலைதெறிக்க ஓடிப்போய், அந்தப் பக்கம் பந்தைப் பிடித்தவன்மேல் மோதிச் சாய்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பந்து கைக்கு வந்தால் நழுவவிடுவான், ஆள் கிடைத்தால் விடமாட்டான். எந்த அணியும் அவனைச் சீந்தவில்லை. கூரை வேலைக்குப் போய்க்கொண்டே வருடா வருடம் பயிற்சி முகாமில் போய் நின்று, ஒருவழியாக இடம் பிடித்தான். கல்யாணம் செய்தான், அது நிலைக்கவில்லை. என் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், விடியற்காலையில் கிளம்பியாக வேண்டும். எனக்கு முன்னால் எழுந்து என் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி வைத்திருப்பான். நல்லவன். முட்டாள்.

முட்டாள் என்று சும்மா சொல்லவில்லை. ஜூலையில் முகாம் தொடங்கும்போது ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஞாபகச் சோதனை உண்டு. டாக்டர் சில வார்த்தைகளைச் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். சீசனில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை. ஜூலையைவிடக் குறைந்தால் உட்காரவைத்துவிடுவார்கள். சோதனை முடிந்த அன்று சாயங்காலம் வாய் நிறையப் பியரோகிக் கொழுக்கட்டையோடு ஒரே சிரிப்பு இவனுக்கு.

"பத்து வார்த்தை சொன்னாருக்கா. நாலு சொல்லிட்டுப் பேந்தப் பேந்த முழிச்சேன். என்னா நடிப்புங்கிறே!"

"எதுக்குடா இந்தக் கூத்து?"

"இப்பவே மக்குன்னு எழுதிக்கிட்டாங்கன்னா, அப்புறம் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாதில்ல? பசங்க நிறையப் பேர் இப்படித்தான் பண்றானுங்க."

"அறிவிருக்காடா? மண்டை உன்னுது!"

"உக்காந்தா ப்ரூயிட் தூக்கிடுவான். அப்புறம் இந்த மண்டையை வெச்சு என்ன பண்றது? மறுபடி கூரை ஏறவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் பிடுங்கிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கையிலிருந்ததைத் தின்றான்.

சீசன் தொடங்கியது. ஜெயித்தார்கள், ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். நவம்பரில் ஒரு ஆட்டத்தில் இவன் தலை எதிராளியின் முழங்காலில் போய் மோதியது. விழுந்தான், எழுந்தான், நேராக நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். அரங்கமே சிரித்தது. பக்கத்து இருக்கை வெர்ன் என் முழங்கையை இடித்தான்.

"பாரு பாபி, உன் தம்பி வேவு பாக்கப் போயிட்டான்!"

"இன்னொரு தரம் சிரிச்சே, பல்லைப் பேத்துடுவேன்!"

ஓரத்தில் இருந்த, அடிபட்டவர்களை டாக்டர் சோதிக்கும் நீலக் கூடாரத்துக்குள் அவனைக் கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஜூலைக் கணக்கோடு பொருந்திவிட்டது, வேறென்ன? நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரைச்சலில் எவன் காதில் விழும்?

அதற்குப் பிறகு வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டான். கேட்டதையே திரும்பக் கேட்டான். ஒருநாள் பால் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டுக் காபிப்பொடியை ஃப்ரிட்ஜில் தேடினான். டாக்டரிடம் ஜூலை விஷயத்தைப் போட்டு உடைக்கப்போகிறேன் என்றேன். "சொல்லிப்பாரு, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்றான். வாகன நிறுத்தத்தில் ப்ரூயிட்டையே மடக்கினேன். "அம்மா, உங்க தம்பி என்ன கைக்குழந்தையா? டாக்டர் சரின்னுட்டாரு" என்று காரில் ஏறிவிட்டான் அந்தக் கடங்காரன்.

டிசம்பரில் மறுபடி அடி. மறுநாள் அணியின் டாக்டர் நாட்லர் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தார். அவனால் ஓட்ட முடியவில்லை, நான்தான் கூட்டிப்போனேன். வழியில் அவனே பேச்சை எடுத்தான்.

"அக்கா, இன்னிக்கு நடிப்பெல்லாம் கிடையாது. பத்தையும் சொல்லிக் காட்டுறேன். சொல்லிட்டா இனிமே நீ வாயைத் தொறக்கக்கூடாது."

"பத்தையும் சொல்லுடா. நான் ஊமையாவே இருந்துடுறேன்."

டாக்டர் நிதானமாகப் படித்தார். கிளேட்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முதல் மூன்றையும் வேகமாகச் சொன்னான். யோசித்து நாலாவதைச் சொன்னான். அப்புறம் ஒன்றும் வரவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தான், நெற்றியில் வேர்த்தது, உதடு அசைந்தது. இது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா!

"போதும் போதும், சிரமப்படாதே" என்றார் டாக்டர். "ஜூலையில இருந்த அதே அளவு. ஞாயித்துக்கிழமை ஆடலாம்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் என் கையைப் பிடித்துவிட்டான். சொல்லாதே என்று கெஞ்சப்போகிறான் என்று நினைத்தேன்.

"டாக்டர்" என்றான். "ஜூலையில நான் வேணும்னே தப்பாச் சொன்னேன். இப்போ... இப்போ நெஜமாவே வரலை."

சாயங்காலமே ப்ரூயிட் அவனை அணியிலிருந்து நீக்கினான். பொய் சொன்னவனுக்கு அணியில் இடமில்லையாம். பொய் சொல்லவைத்தவனுக்குத் தொலைக்காட்சியில் நாற்காலி போட்டுப் பாராட்டு! நாசமாய்ப் போக! ஊரிலோ, "நல்ல சமயம் பாத்துக் கழுத்தறுத்துட்டானே உன் தம்பி" என்று என்னிடமே கேட்டார்கள். வெர்ன் கேட்டான். ரொட்டிக் கடைக்காரனும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமர்ஸ் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது. தெருவே பனியில் இறங்கிக் கூத்தாடியது. சத்தம் கேட்டு கிளேட்டனும் வாசலுக்கு வந்தான். அவர்களோடு சேர்ந்து கைதட்டினான், விசிலடித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இன்னிக்கு ஆட்டத்துக்கு நான் ஏன் போகலை?"

நான் தெருவைப் பார்த்து, "நிறுத்துங்கடா, பாவிகளா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நானும் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள்.